ஸ்டாஷ் பொதுவாக இருக்கும்போது ஒர்க்ட்ரீ எப்படித் தனிப் பணியிடம் ஆகும்?

பாலாற்றங்கரை: நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளைப் பற்றிக் காட்பாடிக்காரர் நேற்று எழுதியது இது: “கிட் ஒர்க்ட்ரீ இருக்கும்போது தனி குளோன் எடுப்பது அறியாமை. ஒவ்வொரு பிராஞ்சுக்கும் முற்றிலும் தனியான பணியிடம் கிடைத்துவிடுகிறது.” ஒரே களஞ்சியத்தின் வேறொரு பிராஞ்சை, அதாவது வேலையின் தனிக் கிளையை, இன்னொரு கோப்புறையில் திறப்பது ஒர்க்ட்ரீ; களஞ்சியத்தையே நகலெடுப்பது குளோன். முற்றிலும் தனியா? அவசரத் திருத்தத்துக்குத் திறந்த ஒர்க்ட்ரீயில் பழக்கத்தில் ஸ்டாஷ் பாப் (ஸ்டாஷில் ஒதுக்கி வைத்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கும் கட்டளை) கொடுத்தால், வேறு பிராஞ்சில் பாதியில் விட்ட வேலை வந்து விழுகிறது. ஸ்டாஷ் எல்லாவற்றுக்கும் பொது. யாரை அறியாதவர் என்கிறீர்கள்?

காட்பாடி சந்திப்பு: கோப்புகள் தனி, எந்த பிராஞ்சில் இருக்கிறோம் என்று காட்டும் ஹெட் தனி, அடுத்துப் பதியப்போகும் மாற்றங்களை வைத்திருக்கும் இன்டெக்ஸ் தனி. வரலாறு ஒரே இடத்தில் இருப்பதால் சர்வரிலிருந்து புதியவற்றை ஒருமுறை ஃபெட்ச் செய்தால் எல்லாவற்றுக்கும் போதும். கிட் 2.5 உடன் 2015இல் வந்த வசதி. இன்னுமா படிக்கவில்லை?

பாலாற்றங்கரை: படித்ததால்தான் கேட்கிறேன். ஸ்டாஷ் பொதுவா, இல்லையா?

காட்பாடி சந்திப்பு: பாதி வேலையை ஒதுக்கி வைக்கும் தேவையே வரக்கூடாது என்றுதான் ஒர்க்ட்ரீ போடுகிறோம். அப்படியே வைத்தாலும், எந்த பிராஞ்சில் வைத்தது என்று ஸ்டாஷ் பட்டியலிலேயே இருக்கும். பார்க்காமல் எடுத்தால் கிட் என்ன செய்யும்?

பாலாற்றங்கரை: பார்த்து எடுக்க வேண்டும் என்றாலே தனி இல்லை என்று ஆகிவிட்டது. தனி குளோனில் இந்தக் கவலை கிடையாது. கமிட் (மாற்றத்தைப் பதிவது) போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஹூக்குகளும் பொதுதான், அதையும் மறைத்துவிட்டீர்கள்.

ஆற்காடு கோட்டை: ஒரே பிராஞ்சை இரண்டு ஒர்க்ட்ரீகளில் திறக்க கிட் சாதாரணமாக விடாது. அந்தப் பாதுகாப்பைப் பற்றி இருவருமே பேசவில்லையே. ஏலகிரி எக்ஸ்பிரஸில் சிக்னல் இல்லாத இடத்திலும் நான் கமிட் செய்துகொண்டே சென்னைக்குப் போகிறேன். இதே வேலைக்கான, சர்வரை நம்பிய சப்வெர்ஷன் மென்பொருள்காரர்களுக்கு இந்த அருமை புரியாது.

பாலாற்றங்கரை: சப்வெர்ஷன்காரன் என்று என்னைத்தான் சொல்கிறீர்கள். ஆமாம், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு அதில்தான் கணக்கு மென்பொருள் எழுதினேன். அதில் எனக்குப் பெருமைதான். சென்னைக்கு ரயில் ஏறுகிறவர்கள் உள்ளூரில் உழைக்கிறவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆற்காடு கோட்டை: ஊரில் வேலை கிடைத்தால் நான் ஏன் விடியற்காலையில் ரயில் ஏறுகிறேன்? பிழைப்புக்காகப் போவதைக் குற்றமாக்காதீர்கள்.

காட்பாடி சந்திப்பு: மறுபடியும் சொல்கிறேன், ஹெட் தனி, இன்டெக்ஸ் தனி. பணியிடத்துக்கு அது போதும்.

பாலாற்றங்கரை: “முற்றிலும்” என்று எழுதியவர் நீங்கள். அந்தச் சொல்லை நீக்குங்கள்.

காட்பாடி சந்திப்பு: நீக்க மாட்டேன். முன்பு நடந்த, கமிட்களை வேறு அடிப்படையின் மேல் மீண்டும் அடுக்கும் ரீபேஸ் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

பாலாற்றங்கரை: அந்த விவாதத்தில் என் கடைசிக் கேள்விக்கு இன்றுவரை நீங்கள் பதில் எழுதவில்லை. முதலில் அதை எழுதுங்கள்.