சிவப்புப் பகடையும் நீலப் பகடையும்

பரீட்சை நெருங்கினால் உறவுக்காரப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் கணக்கு நோட்டோடு என்னிடம் வருவார்கள். இயற்கணிதம் என்றால் எந்த வரியில் தடுமாறினார்கள் என்று நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிகழ்தகவு அப்படி இல்லை. இரண்டு வரி இருக்கும், அடியில் ஒரு பின்னம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும்.

பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி. இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 3 வர நிகழ்தகவு என்ன என்ற கணக்குக்கு 1/21 என்று எழுதியிருந்தாள். விடைப் பகுதியில் 1/18 என்று இருந்தது. 21 எப்படி வந்தது என்று கேட்டேன். "(1,2)ம் (2,1)ம் ஒண்ணுதானே அக்கா, எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்?" என்றாள். நோட்டின் ஓரத்தில் 21 ஜோடிகளையும் ஒன்றுவிடாமல் எழுதியும் வைத்திருந்தாள். அவ்வளவு ஒழுங்காக யோசித்த பிள்ளையிடம் "36 என்று மனப்பாடம் பண்ணிக்கொள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு பகடைகளைக் கொடுத்து உருட்டச் சொன்னேன். கூடுதல் 2 வந்தால் ஒரு பத்தியில் கோடு, 3 வந்தால் அடுத்த பத்தியில் கோடு. அவள் சொன்னபடி இரண்டுக்கும் ஒரே ஒரு ஜோடிதான் என்றால் கோடுகளும் ஏறக்குறைய சமமாக விழ வேண்டும். பக்கம் நிரம்ப நிரம்ப 3-இன் பத்தி முந்திக்கொண்டு போனது. "சிவப்புல 1 நீலத்துல 2 வர்றது வேற, சிவப்புல 2 நீலத்துல 1 வர்றது வேற" என்று அவளே சொன்னாள். சரி, இரண்டும் ஒரே நிறமாக இருந்தால்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பகடைக்கு அதோட கலர் தெரியாதே, அதே மாதிரிதான் விழும்" என்றாள். கூறுவெளியில், அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலில், 36 ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்களில் பெரிய கணித மேதைகளும் உண்டு. இரண்டு பகடைகளில் 11 வருவதற்கும் 12 வருவதற்கும் வாய்ப்பு சமம் என்று லைப்னிட்ஸ் எழுதியிருக்கிறார். 11-க்கு இரண்டு வழி, 12-க்கு ஒன்றே ஒன்று. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் தெளிந்துவிடும்.

பதினொன்றாவது படிக்கும் பையனுக்கு வந்த குழப்பம் இதற்கு நேர் எதிர். 'பாப்பா' என்ற சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? மூன்று எழுத்து, 3! அதாவது 3 × 2 × 1 = 6 என்றான். ஒரு பா-வைச் சிவப்பு மையிலும் இன்னொன்றை நீல மையிலும் எழுதச் சொன்னேன். ஆறு வரி வந்தது. பிறகு எல்லாவற்றையும் கருப்பு மையில் எழுதச் சொன்னேன். இரண்டிரண்டாகச் சேர்ந்து பாப்பா, பாபாப், ப்பாபா என்று மூன்றுதான் மிஞ்சியது. 3!-ஐ 2!-ஆல் ஏன் வகுக்கிறோம் என்பது அதிலேயே புரிந்துவிட்டது.

அப்புறம் அவன் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "நிகழ்தகவுக் கணக்குல பையில இருக்கிற மூணு சிவப்புப் பந்தும் ஒரே மாதிரிதானே? அங்க மட்டும் ஏன் தனித்தனியா எண்ணணும்?" பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. வகுப்பில் இதைக் கேட்கிற பிள்ளையை யாரும் உட்கார வைத்துவிடக் கூடாது. நான் சொன்னது இதுதான்: பையில் 99 சிவப்பு, 1 நீலம் என்று வைத்துக்கொள். நிறத்தை மட்டும் எண்ணினால் விளைவு இரண்டு, அப்போது நீலம் வர நிகழ்தகவு 1/2 ஆகிவிடும். யாராவது ஒப்புக்கொள்வார்களா? நிகழ்தகவில் சம வாய்ப்புள்ள விளைவுகளை எண்ணுகிறோம், அதனால் ஒவ்வொரு பந்தும் தனி. எழுத்துகளை வரிசைப்படுத்தும் கணக்கில் கண்ணுக்கு வேறாகத் தெரிகிற வரிசைகளை எண்ணுகிறோம், அதனால் இரண்டு பா-வும் ஒன்று. கணக்கைப் படித்ததும் "எதை எண்ணச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வரி எழுதிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு அன்றிலிருந்து வந்தது.

'குறைந்தபட்சம் ஒன்று' என்று வரும் கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 3 சிவப்பு, 2 நீலம் உள்ள பையில் திரும்ப வைக்காமல் இரண்டு பந்து எடுத்தால் குறைந்தபட்சம் ஒன்று நீலமாக இருக்க 2/5 + 2/4 என்று கூட்டி 9/10 என்பார்கள். பார்க்க நியாயமான விடை போலவே இருக்கும். 2 சிவப்பு, 3 நீலம் என்று மாற்றி அதே வழியில் போடச் சொல்லுங்கள், 27/20 வரும். ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவைப் பார்த்ததும் வழி தப்பு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டும் சிவப்பாக வர 3/5 × 2/4 = 3/10, அதை 1-இலிருந்து கழித்தால் 7/10. கேட்டது நடக்காமல் போவதைத்தான் நிரப்பு நிகழ்ச்சி என்கிறார்கள், இவ்வளவுதான்.

எல்லாம் முடிந்த பிறகு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீலியோ அலசிய கணக்கு அது. மூன்று பகடைகளில் 9-ஐ ஆறு விதமாகக் கூட்டலாம், 10-ஐயும் ஆறு விதமாகத்தான் கூட்டலாம். பிறகு ஏன் 10 சற்று அதிகமாக வருகிறது? 1, 2, 6 என்ற கூட்டு 3! = 6 வழிகளில் விழும். 1, 4, 4 என்பது 3!/2! = 3 வழிகளில். 3, 3, 3 ஒரே வழியில். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 216-இல் 9-க்கு 25, 10-க்கு 27. பாப்பாவும் சிவப்பு, நீலப் பகடைகளும் ஒரே கணக்கில் வந்து சேர்வதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பதினைந்து நிமிடம் மௌனமாக எழுதிக்கொண்டிருந்து, "அந்த 3, 3, 3 ஒண்ணுதான் 9-ஐக் கவுத்துடுச்சு" என்றான் அந்தப் பையன்.

எண்ணுதலையும் நிகழ்தகவையும் இப்படிச் சேர்த்துப் பழக்கும் கணக்கு உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.