குடும்பத்தோடு அவுட்பேக் ஸ்டேஷன் வேலை: போகலாமா, வேண்டாமா?

அடிலெய்டுக்காரன்:
வணக்கம். நான் டீசல் மெக்கானிக், மனைவி உணவகம் ஒன்றில் சமையல் வேலை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. கேரவன் வாங்கிவிட்டோம். ஒரு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே, உள்நாட்டு மாட்டு ஸ்டேஷன்களில் இரண்டிரண்டு மாதம் வேலை செய்து தங்கலாம் என்று ஆசை. (இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே அவுட்பேக் என்றால் ஆள் நடமாட்டம் குறைந்த உள்நாட்டுப் பகுதி, ஸ்டேஷன் என்றால் மாபெரும் மாட்டுப் பண்ணை. தென் ஆஸ்திரேலியாவின் அன்னா க்ரீக் ஒன்றே 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கை விடப் பெரிது.)

வடமேற்குக் குயின்ஸ்லாந்தில் ஓரிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சம்பளம் உண்டு. மனைவி சமையலில் "கொஞ்சம் ஒத்தாசை" செய்தால் போதுமாம், அதற்கு ஈடாக வீடு, கரண்ட், இறைச்சி இலவசம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்தடம்:
போங்கள் தம்பி, யோசிக்காதீர்கள். நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு மழைக்காலம் முடிந்த ஏப்ரலில் கிளம்பி நவம்பர் வரை மூன்று ஸ்டேஷன்களில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு போர், அதாவது ஆழ்துளைக் கிணறுகளைப் பார்க்கும் வேலை. அங்கேயும் அதற்குப் போர் என்றுதான் பெயர். ஒரு சுற்று 180 கிலோமீட்டர், வாரம் மூன்று முறை. சனிக்கிழமைகளில் நாங்களும் கூடப் போவோம்.

ஒரு சனிக்கிழமை கடைசித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மிதவை வால்வு அடைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் முந்நூறு மாடுகள், கத்தக்கூடத் தெம்பில்லாமல் காய்ந்த சிமெண்டை நக்கிக்கொண்டு நின்றன. அவர் வால்வைக் கழற்றிக் கையில் கொடுக்க, என் மகன் குச்சியால் பாசியைச் சுரண்டி எடுத்தான். திரும்ப மாட்டியதும் தண்ணீர் விழுந்த அந்தச் சத்தத்துக்கு மாடுகள் முண்டியடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து அவன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அன்று ராத்திரி அவனாகவே கணக்குப் போட்டான்: ஒரு மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்றால் முந்நூறு மாட்டுக்கு 15,000 லிட்டர். பெருக்கல் என்றாலே அழுத பிள்ளை அவன்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அந்தச் சனிக்கிழமையை நான் மறுக்கவில்லை. மற்ற ஆறு நாட்களைப் பற்றிப் பேசுவோம்.

தம்பி, "கொஞ்சம் ஒத்தாசை" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாடு சேர்க்கும் பருவத்தில் ஒரு ஸ்டேஷனில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். விடியுமுன் காலைச் சாப்பாடு. ஒன்பதரைக்கு ஸ்மோக்கோ, அதாவது டீயும் கேக்கும். அப்புறம் மதியம், அப்புறம் ராத்திரி. இடையில் பாத்திரம். இது ஒருவருடைய முழுநேர வேலை. ஜோடியாக ஆள் கேட்டு வரும் விளம்பரங்களில் பல இப்படித்தான் இருக்கின்றன: ஒரு சம்பளம், இரண்டு ஆள். சாப்பாடும் தங்குமிடமும் தந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள இந்தத் தொழிலின் சம்பள விதிகளிலேயே இடம் உண்டு, சரி. ஆனால் வேலையே செய்பவருக்குச் சம்பளமே இல்லை என்பதற்கு எந்த விதியும் இல்லை.

சோறு போட்டு வேலை வாங்குவதற்கு அந்த மண்ணில் பழைய கதை ஒன்று உண்டு. வடக்குப் பிரதேசத்தின் வேவ் ஹில் ஸ்டேஷனில் குரிஞ்சி என்னும் பூர்வகுடி மக்கள் மாவு, சர்க்கரை, டீத்தூள், மாட்டிறைச்சி, கையில் சொற்பக் காசு என்று தலைமுறையாக உழைத்தார்கள். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிஞ்சியாரி தலைமையில் சுமார் 200 பேர் வேலையை விட்டு நடந்தார்கள். மாடு மேய்த்தவர்கள் மட்டுமல்ல, பங்களாவில் சமைத்துத் துவைத்த பெண்களும் கூடவே நடந்தார்கள்.

செம்மண்தடம்:
அந்தப் பெயரை இங்கே இழுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது அவர்கள் நிலம். வெளியேறினால் போக வேறு இடமில்லாத மக்கள் அவர்கள். ஒன்பது வருடம் கழித்து, 1975இல், பிரதமர் கஃப் விட்லம் லிஞ்சியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணைக் கொட்டி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் கேரவனை மாட்டிக்கொண்டு மறுநாள் காலையில் கிளம்பிவிடுவோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒரே தராசில் வைக்கவில்லை அக்கா. அவர்கள் பட்டது வேறு, நாம் படுவது வேறு. அங்கே சமையலறை உழைப்பு எப்போதுமே கணக்கில் வராத உழைப்பாக இருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதுதான் நான் சொல்வது.

நானும் போனவன்தான். ஏழு வாரத்தில் திரும்பினோம். காரணம் சண்டையோ வெயிலோ இல்லை, படிப்பு. எல்லாரும் ஸ்கூல் ஆஃப் தி ஏர், அதாவது தொலைதூரப் பிள்ளைகளுக்கான பள்ளி, இருக்கிறதே என்பார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் ரேடியோவில் தொடங்கியது, இப்போது சாட்டிலைட் இணையத்தில் நடக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் திரையில் வருவது நாளில் கொஞ்ச நேரம்தான். மிச்சத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நடத்த வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும். வசதியுள்ள ஸ்டேஷன்காரர்கள் அதற்கென்றே கவர்னஸ், அதாவது வீட்டோடு இருக்கும் டீச்சர், வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு யார்? அம்மாதான். அம்மா எங்கே? ஸ்மோக்கோ போடுகிறாள்.

ஒரு நாள் நான் ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தேன். என் மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருட்டான திரையின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. "அம்மாவைக் கூப்பிட வேண்டியதுதானே" என்றேன். "அம்மா கையெல்லாம் மாவுப்பா, மூணு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துட்டேன்" என்றாள். அன்று ராத்திரியே பேசி முடிவெடுத்தோம்.

நர்ஸ்_வடக்கே:
இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. நான் வடக்கே சிற்றூர் மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவள். தூரம் என்பதைக் குழந்தையின் காய்ச்சலை வைத்து யோசியுங்கள். ஃபிளையிங் டாக்டர் சேவை இருக்கிறது, 1928இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்துதான் முதல் விமானம் கிளம்பியது. பல ஸ்டேஷன்களில் அவர்களுடைய மருந்துப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். டாக்டர் போனில் எண்ணைச் சொல்வார், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். போன முதல் நாளே அந்தப் பெட்டி எங்கே, சாவி யாரிடம் என்று கேளுங்கள். விமான ஓடுதளம் எது என்பதும் தெரிய வேண்டும். ராத்திரியில் விமானம் வந்தால் யாராவது வண்டியில் முன்கூட்டியே ஒரு ஓட்டு ஓட்டிக் கங்காருக்களை விரட்ட வேண்டும். விளக்கு வசதி இல்லாத இடத்தில் டாய்லெட் பேப்பர் உருளைகளை டீசலில் நனைத்து, டப்பாக்களில் வைத்துக் கொளுத்தி வழி காட்டியவர்கள் உண்டு.

அப்புறம், 6 வயதுப் பையனுக்குப் பாம்பைவிட ஆபத்து குவாட் பைக் என்னும் நான்கு சக்கர வண்டியும் வீட்டருகே உள்ள அணைக்குட்டையும். வேலி போட்ட முற்றம் இருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

செம்மண்தடம்:
நர்ஸம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. கணக்குப்பிள்ளை மகளைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு மணி நேரம் பதில் எழுதாமல் இருந்தேன்.

ஒன்று சொல்கிறேன். எங்களிடமும் முதல் ஸ்டேஷனில் "ஒத்தாசை" என்றுதான் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை நான் பிள்ளைகளுக்கு டீச்சர், அதற்குமேல் தோட்டமோ துணியோ எதுவானாலும் மணிக்கணக்கில் சம்பளம் என்றேன். முதலாளி அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். அவரும் தன் மூன்று பிள்ளைகளை அப்படியே படிக்கவைத்தவர். பணம் மிச்சமாகவில்லை. ஆனாலும் அந்த எட்டு மாதத்தை எந்த விலைக்கும் கொடுக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் அக்கா, நீங்கள் போனது ஒரு சம்பளத்தில், ஒரு ஆள் வேலைக்கு. தம்பிக்கு வந்திருப்பது அது இல்லை. எல்லாருக்கும் நல்ல முதலாளி அம்மா அமையவும் மாட்டார். மேலும் மறுநாளே கிளம்பிவிடலாம் என்றீர்கள். 2019 பிப்ரவரியில் அதே வடமேற்குக் குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்து லட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. அந்த மாதிரி நாளில் கேரவன் எங்கே போகும்? நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செம்மண்தடம்:
அதனால்தான் ஏப்ரலில் போய் நவம்பரில் திரும்பச் சொல்கிறேன். பிள்ளைகள் இந்த வயதில் ஒரு முறைதான் இருப்பார்கள்.

அடிலெய்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. முழுத் திரியையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று ஸ்டேஷனுக்கு எழுதினோம். வாரம் 25 மணி நேரத்துக்குச் சம்பளம் தருகிறோம், காலையில் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று பதில் வந்திருக்கிறது. முற்றத்துக்கு வேலி உண்டாம்.

கணக்குப்பிள்ளை:
எழுத்தில் வாங்குங்கள். 25 மணி நேரம் முடிந்த பிறகு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை யார் சமைப்பார்கள் என்றும் கேளுங்கள்.

அடிலெய்டுக்காரன்:
அவளும் அதையேதான் சொன்னாள் அண்ணா. நாளைக் காலை எட்டு மணிக்குப் போன். பேசப்போவது அவள்தான்.