கேரளாவின் கோவளத்தில் பழைய கடற்கரை ஹோட்டல்: தங்கலாமா?

கேள்வி: 1988-இல் அப்பாவும் அம்மாவும் தேனிலவுக்குத் தங்கிய ஹோட்டல். மறுபடி கூட்டிப்போக ஆசை. இப்போது எப்படி இருக்கிறது?

பதில்: போன ஜூலையில் இரண்டு இரவு இருந்தேன். பால்கனிக் கம்பி உப்புக்காற்றில் துருவேறி, கை வைத்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. ஏசி இரைந்ததே தவிர குளிரவில்லை. வற்றிய நீச்சல் குளத்தில் ஒரு பூனை படுத்திருந்தது. ஆனால் அந்தத் தேக்குப் படிக்கட்டு! இன்னும் பளபளவென்று இருக்கிறது. ராத்திரி கலங்கரை விளக்கின் ஒளி திரைச்சீலைக் கிழிசல் வழியாக வந்து வந்து போனது. தூக்கம் போனாலும் அது பிடித்திருந்தது.

இன்னொருவர்: ஜூலையிலா போனீர்கள்? தென்மேற்குப் பருவமழையில் அலை மணலையே அரித்துப்போகும், கடலில் இறங்கவும் விடமாட்டார்கள். டிசம்பருக்குமேல் போங்கள்.

கேட்டவர்: சரி, ஜனவரியில் தரைத்தள அறை போட்டாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, தேக்குப் படியைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.