அல்சூர் குடும்ப குரூப் சாட்: கார்த்தியின் வண்டி

கார்த்தி: மாமா, வண்டி மறுபடியும் மக்கர். டின் ஃபேக்டரி சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் குபீரென்று பாய்கிறது. பின்னால் வந்த பஸ்காரர் கன்னடத்தில் அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

செல்வி அத்தை: 2011 வண்டியை இன்னும் எத்தனை நாள் கட்டி அழுவாய்? விற்றுத் தொலை.

வாசு மாமா: நீ கொஞ்சம் சும்மா இரு செல்வி. கார்த்தி, இன்ஜின் லைட் எரிகிறதா?

கார்த்தி: எரிகிறது. கராஜில் ஸ்கேனர் போட்டார்கள், பி0171 என்று எரர் கோடு வந்தது. எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டதாம். 6,500 ரூபாய் ஆகுமாம்.

வாசு மாமா: பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சென்சார் செத்துப்போச்சு என்று அதில் எங்கே இருக்கிறது? நாய் குரைத்தால் நாயையா மாற்றுவார்கள்? யார் வந்தது என்று எட்டிப் பார்க்க வேண்டாமா?

பிரியா: 😂

வாசு மாமா: உன்னிடம் ப்ளூடூத் ஸ்கேனர் இருக்கிறதே. இப்போதைக்கு அந்த எரர் கோடை அழிக்காதே. பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னாலும் வேண்டாம், லைட்டோடு சேர்ந்து தடயமும் போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஃபியூயல் டிரிம் பார், அதாவது வண்டி கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐட்லிங்கில் ஒரு தடவை, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒரு தடவை.

கார்த்தி: அப்போதைக்கான ஷார்ட் டிரிம், நாள்பட்ட லாங் டிரிம் இரண்டையும் கூட்டினால் ஐட்லிங்கில் +24 சதவீதம். 2,500-இல் +7.

வாசு மாமா: எங்கேயோ ஏர் இழுக்கிறது. உன் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்து மாஃப் சென்சார் இருக்கிறது, காற்றை அளப்பது அதுதான். அதற்கு அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் அந்த வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் கரைந்துவிடும். பெட்ரோல் பம்ப் வீக், ஃபில்டர் அடைப்பு என்றால் நேர்மாறு. லோடு கூடும்போதுதான் டிரிம் எகிறும்.

பிரியா: எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால்தான் என்று என் ஆபீஸில் சொல்கிறார்களே மாமா?

வாசு மாமா: எத்தனால் கூடினால் டிரிம் கொஞ்சம் ஏறும், அது உண்மை. ஆனால் எல்லா வேகத்திலும் சேர்ந்தே ஏறும். ஐட்லிங்கில் மட்டும் இப்படி நிற்காது.

கார்த்தி: சென்சார் சரியாகத்தான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசு மாமா: உன்னுடையது சாதா நாலு வயர் சென்சார். 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்க வேண்டும். நியூட்ரலில் வைத்துச் சட்டென்று ஒரு மிதி. 0.8-ஐத் தாண்டினால் வேலை செய்கிறது.

கார்த்தி: 0.85 போகிறது!

அப்பு: யூடியூப்பில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்தே லீக் கண்டுபிடிக்கிறார்கள் மாமா.

வாசு மாமா: சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலா? பார்க்கிங்கே பற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத லீக் என்றால் கராஜில் ஸ்மோக் டெஸ்ட் செய்யலாம், உள்ளே புகையை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். முதலில் இன்ஜினை ஆறவிடு. மாஃபிலிருந்து திராட்டிலுக்குப் போகிற ரப்பர் குழாயை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார். அடிப்பக்கத்தை விட்டுவிடாதே.

கார்த்தி: 📷 அடி மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு!

வாசு மாமா: அதுதான். மிதிக்கும்போது இன்ஜின் அசையும், வெடிப்பு வாய் திறக்கும். அதனால்தான் கிளம்பும்போது மட்டும் திக்குகிறது. டேப் சுற்றும் வேலை வேண்டாம், வெப்பத்துக்கு நிற்காது. ஜே.சி. ரோட்டில் புதுக் குழாய் கிடைக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போ, இல்லையென்றால் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டையும் பார்க்கச் சொல். அது தளர்ந்திருந்தால் புதுக் குழாயும் சீக்கிரம் கிழியும்.

கார்த்தி: மாட்டியாச்சு மாமா. எரர் கோடை அழித்துவிட்டுப் பார்த்தேன், ஐட்லிங்கில் +3. மிதித்ததும் இழுக்கிறது. ஒரு மவுண்ட் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

வாசு மாமா: அடுத்த மாதம் என்ன, இந்த வாரமே மாற்று. சென்சார் காசு மிச்சம்தானே.

செல்வி அத்தை: சரி, அப்போ ஞாயிற்றுக்கிழமை ஓசூர் போகலாமா?

வாசு மாமா: அதற்குள் ரெண்டு மூணு நாள் ஆபீஸுக்கு ஓட்டட்டும். லைட் திரும்ப வராவிட்டால் போகலாம்.

கார்த்தி: வழியில் அத்திப்பள்ளி டோல் காசு அத்தை கணக்கு.