கொழும்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: யாரும் சொல்லித் தராத சில வழக்கங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு பார்க்கும் நம்மவர்கள் பெரும்பாலும் வாடகை, முற்பணம், விசா ஆகியவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். அவற்றுக்கு யாரிடமாவது விடை கிடைத்துவிடும். சொல்லித் தரவேண்டும் என்று இவ்வூர்க்காரர்களுக்கே தோன்றாத வழக்கங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். திருச்சியிலிருந்து நான் இங்கு வந்தபோது, தமிழ் பேசும் ஊர்தானே என்ற நினைப்பில் இவற்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

முதலாவது, வீதியைக் கடப்பது. காலி நகரை நோக்கிப் போகும் காலி வீதியின் பாதசாரிக் கடவையில் நீங்கள் காலை வைத்தால் வாகனங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். சட்டம் நம் ஊரிலும் உண்டு. இங்கே அதைத் தாங்குவது பழக்கம். கடவையில்தான் மனிதர்கள் கடப்பார்கள் என்று ஓட்டுநர் எதிர்பார்க்கிறார், ஓட்டுநர் நிற்பார் என்று நம்பித்தான் மழையிலும் மக்கள் கடவை வரை நடந்து வருகிறார்கள். அவசரத்தில் நடுவீதியில் குறுக்கே ஓடினால் அந்த நம்பிக்கையில் நாமும் கொஞ்சம் குறைத்துவிடுகிறோம். ஆனாலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்த பிறகே இறங்குங்கள். அருகில் வரும் கார் நின்றாலும் அதற்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் வரக்கூடும்.

பேருந்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் வாரத்தில் 101ஆம் இலக்கப் பேருந்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் என் பையின் வாரைப் பிடித்து மெல்ல இழுத்தார். நான் பதறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் தம் மடியைத் தட்டிக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு பள்ளிப் பையும் வேறு யாருடையதோ சாப்பாட்டுப் பையும் இருந்தன. நிற்பவரின் சுமையை அமர்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது இங்கு வழக்கம். இருக்கை கிடைத்தால் நீங்களும் கையை நீட்டுங்கள். முன்புறத்தில் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய இருக்கையில் அமர்ந்திருக்கும்போது துறவி ஒருவர் ஏறினால், யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்துவிடுங்கள்.

அதிகம் தவறு நடப்பது குப்பையில்தான். நாம் மக்கும் குப்பை என்பதை இங்கே உக்கும் குப்பை என்பார்கள். அதையும் உக்காத குப்பையையும் பிரித்தே கொடுக்க வேண்டும். 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளில், கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பிரிப்பதில் கண்டிப்பு கூடியது. ஆனால் பையை எப்போது வெளியே வைப்பது என்பதை எந்த அறிவிப்பும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் எழச் சோம்பி, இரவே வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் நாய்களும் காகங்களும் பையைக் கிழித்து, மீன் செதிலும் தேயிலைச் சக்கையும் ஒழுங்கை (நம் ஊர்ச் சந்து) முழுவதும் சிதறிக் கிடந்தன. எதிர்வீட்டு அக்கா ஈர்க்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிச் சென்று வாங்கப் போனபோது, “பரவாயில்லை தம்பி, வண்டி வாற நேரம் தெரியாதுதானே” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் பை வெளியே போகிறது.

நுளம்பும் (கொசுவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) இதே கணக்குத்தான். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், தண்ணீர் தேங்கியிருந்தால் வழக்கும் வரும். ஆனால் அவர் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்க முடியாது. மாடியில் நீங்கள் மறந்துவிட்ட பூந்தொட்டித் தட்டில் வளரும் நுளம்பு கடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையை என்பதால், மழை விட்டதும் அவரவர் இடத்தை அவரவர் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதே இங்கு உண்மையான காவல்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன. வாரத்துக்கு இவ்வளவு என்று எரிபொருளைப் பங்கிட்ட கியூஆர் அட்டை வந்தது ஜூலையில்தான். அதற்கு முன் சாப்பிடப் போனவரின் இடத்தைப் பின்னால் நின்றவர் காத்துக்கொடுத்ததை நான் பலமுறை பார்த்தேன். சண்டைகளும் நடந்தன, மறைக்கவில்லை. இன்றும் வரிசையில் முன்னால் நிற்பவரிடம் சொல்லாமல் நுழைவதை இவ்வூர் எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.

பேச்சில் ஒன்று. இங்கே “கதைப்பது” என்றால் பேசுவது, “பேசினார்” என்றால் திட்டினார். “மேலாளர் என்னிடம் பேசினார்” என்று அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தால் அங்கே ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்திருக்கிறது என்று பொருள். அன்று தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். பழக்கமில்லாத வீடானாலும் போய்ச் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வரலாம். அதற்கு அழைப்பு வேண்டியதில்லை.