லண்டன் காலிங் எல்பி: இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டில் ஊசி தாவுகிறது, உதவுங்கள்

வணக்கம். பிரிட்டனின் பங்க் ராக் இசைக்குழுவான தி கிளாஷின் ‘லண்டன் காலிங்’ இரட்டை இசைத்தட்டு, 1979 டிசம்பரில் பிரிட்டனில் வந்தது, போன வாரம்தான் பழைய தட்டாகக் கைக்குக் கிடைத்தது. 1977இல் வந்த முதல் ஆல்பத்தின் வேகமான பங்க்கைக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் அசந்துபோவீர்கள், ரெக்கே, ஸ்கா, ராக்கபில்லி, கொஞ்சம் ஜாஸ் என்று நாலு பக்கமும் வேறு வேறு உலகம், ஆனாலும் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. எனக்கு இதுதான் அவர்களுடைய உச்சம்.

பிரச்சினை இரண்டாம் பக்கத்தில். கடைசிப் பாட்டு ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’, குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பால் சிமோனன் தானே எழுதிப் பாடியது, அந்தக் கனமான பேஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஊசி தாவி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. மென்துணியால் இருமுறை துடைத்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறல் எதுவும் தெரியவில்லை. மற்ற மூன்று பக்கமும் சுத்தமாக ஓடுகின்றன. ஊசியின் எடையைக் கூட்ட வேண்டுமா, இல்லை ஊசியையே மாற்ற வேண்டுமா? எடையைக் கூட்டினால் தட்டு தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. ‘டிரெய்ன் இன் வெய்ன்’ கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு என்பதால் முதலில் வந்த உறை அட்டைகளில் அதன் பெயர் இல்லை. என் அட்டையிலும் இல்லை, தட்டில் பாட்டு இருக்கிறது. இதை மட்டும் வைத்து முதல் பதிப்பு என்று சொல்லலாமா, வேறு எதைப் பார்க்க வேண்டும்? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.