‘எங்கள் காலத்துக்குப் பிறகு’ என்ற வரி

குரூப்: நம்ம தெரு, காயல்பட்டினம்

மைமூன் மாமி (9:12): அஸ்ஸலாமு அலைக்கும். பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுக்குற மாதிரிப் பத்திரம்னு நேத்து ஒண்ணு குரூப்ல வந்துச்சே, அதை அப்படியே எழுதலாமா?

ஜமால் காக்கா, பத்திர எழுத்தர் (9:20): வஅலைக்கும் ஸலாம் மாமி. வேண்டாம். மூணாம் பக்கத்தைப் பாருங்க: “எங்கள் காலத்துக்குப் பிறகு மேற்படி மகள் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” தலைப்புல ஹிபான்னு, அதாவது உயிரோட இருக்கும்போதே கொடுக்குற தானம்னு போட்டிருக்கு. இந்த ஒரு வரி அதை வஸிய்யத்தா, அதாவது உயிலா ஆக்கிடும்.

மைமூன் மாமி (9:22): எப்படியும் பிள்ளைக்குத்தானே போகுது, ஆகட்டுமே?

ஹஜ்ரத், மார்க்க அறிஞர் (9:31): போகாது மாமி. அடக்கச் செலவு, கடன் எல்லாம் போக மிஞ்சுறதுல மூணுல ஒரு பங்குக்குத்தான் வஸிய்யத். கல்யாணத்துல மனைவிக்குத் தர ஒத்துக்கிட்ட மஹர் பாக்கி இருந்தா அதுவும் கடன்தான், முதல்ல அடைக்கணும். அந்த மூணுல ஒண்ணையும் வாரிசுக்குக் கொடுக்கணும்னா மற்ற வாரிசுகள் சம்மதிக்கணும், அதுவும் மௌத்துக்குப் பிறகு, அதாவது எழுதினவர் இறந்த பிறகு. மகள் வாரிசு. அண்ணன் தம்பி ஒருத்தன் மாட்டேன்னா, அவன் பங்கு அளவுக்கு அது செல்லாது.

நூர் ராத்தா, வக்கீல் (9:38): கோர்ட்டும் இதைத்தான் சொல்லும். 1937 ஷரீஅத் சட்டப்படி வாரிசுரிமை, ஹிபா எல்லாம் நம்ம ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) படிதான். அந்தச் சட்டத்துல விவசாய நிலம் விடுபட்டிருந்துச்சு. சென்னை மாகாணத்துல 1949ல திருத்தம் போட்டு அதையும் சேர்த்தாங்க. அதனால தோப்பு, வயலுக்கும் இதே கணக்கு.

ரியாஸ் (9:41): ஹிபாவை வாயால சொன்னாலே போதும்னு சொல்றாங்களே ராத்தா?

நூர் ராத்தா (9:47): போதும். கொடுத்தேன்னு சொல்லணும், வாங்கிக்கிட்டேன்னு ஏத்துக்கணும், சுவாதீனம் கொடுக்கணும், அதாவது சொத்தை அவங்க கைவசம் ஒப்படைக்கணும். மூணும் நடந்தா ஹிபா முடிஞ்சது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 123ஆம் பிரிவு தானத்தைப் பதிவு பண்ணணும்னு கேட்குது, 129ஆம் பிரிவு நமக்கு விலக்கு கொடுக்குது. எழுதின ஹிபாவைக்கூடப் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்லைன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனா பதிவு பண்ணாதது வில்லங்கச் சான்றுல வராது. பாங்க்ல கடன் கேட்டா முதல் கேள்வியே அதுதான்.

ஜமால் காக்கா (9:52): தான செட்டில்மெண்டா பதிவு பண்ணிடுங்க. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. இதையே கிரயமா எழுதினா 7 சதவீதம். தெரியாம கிரயம் எழுதுறவங்களும் இருக்காங்க.

மைமூன் மாமி (9:55): சுவாதீனம் கொடுக்கணும்னா நாங்க வீட்டை விட்டு வெளியேறணுமா? நம்ம ஊர்ல மகள் வீட்டுலதானே எல்லாரும் இருக்கோம்.

நூர் ராத்தா (10:03): வெளியேற வேண்டாம் மாமி. கொடுக்கிறவரும் வாங்குறவரும் ஒரே வீட்டுல இருந்தா, உரிமையை விட்டுட்டாங்கன்னு காட்டினாலே போதும். எதை வச்சுக் காட்டுறதுங்கிறதுலதான் கேஸே நடக்கும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் இணைப்பும் மகள் பேருக்கு மாறணும். மூலப்பத்திரம் அவ கையில இருக்கணும். முன்பக்கம் கடை வாடகைக்கு விட்டிருந்தா, அடுத்த மாச வாடகை யாருக்குன்னு கடைக்காரருக்கு எழுத்துல சொல்லணும். பத்திரம் மட்டும் பதிவு பண்ணிட்டு, பத்து வருஷம் வாப்பா பேர்லயே வரி கட்டிக்கிட்டு இருந்தா, எதிர்க்கட்சி வக்கீல் அந்த ரசீதைத்தான் முதல்ல நீட்டுவார்.

ஹஜ்ரத் (10:08): பிரிக்காத சொத்துல ஒருத்தர் தன் பங்கை மட்டும் கொடுக்குறார்னு வைங்க. ஷாஃபி மத்ஹப்ல (மார்க்கச் சட்டப் பிரிவுல) அது செல்லும். ஹனஃபியில, பிரிக்கக்கூடிய சொத்தா இருந்தா பிரிச்சுத்தான் கொடுக்கணும். எந்த மத்ஹப்னு பத்திரத்துலயே ஒரு வார்த்தை போட்டுட்டா பின்னாடி சண்டை வராது.

மைமூன் மாமி (10:11): கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்கலைன்னா?

நூர் ராத்தா (10:16): “பெற்றோரைப் பராமரிக்க வேண்டியது”ன்னு ஒரு நிபந்தனை போடுங்க. 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவு எல்லா மதத்துக்கும் பொது. நிபந்தனையோட எழுதிக் கொடுத்து பிள்ளை பார்க்கலைன்னா, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தீர்ப்பாயத்துல பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

ரியாஸ் (10:20): எதுவுமே எழுதலைன்னா என்ன? தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பிரிச்சுக்கலாமே.

நூர் ராத்தா (10:32): ரியாஸ், அந்தச் சான்றிதழ்ல பேர்தான் இருக்கும், பங்கு இருக்காது. மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன் பேரைத்தான் போடுவாங்க. ஒருத்தருக்கு மனைவி, ரெண்டு மகள், கூடப்பிறந்த காக்கா (அண்ணன்) ஒருத்தர், ராத்தா (அக்கா) ஒருத்தர். மகன் இல்லை, பெற்றோர் இல்லைன்னு வை. வீடு 72 லட்சம். மனைவிக்கு எட்டுல ஒண்ணு, 9 லட்சம். மகள்களுக்கு மூணுல ரெண்டு, ஆளுக்கு 24. மிச்சம் 15. அது காக்காவுக்கு 10, ராத்தாவுக்கு 5. சான்றிதழ்ல இருக்கிறது மூணே பேர். மூணு பேரும் கையெழுத்துப் போட்டா பதிவும் ஆயிடும். மறுவருஷம் காக்கா கேஸ் போடுவார், வாங்கினவன் மாட்டிக்குவான்.

ஜமால் காக்கா (10:35): அதனாலதான் ஆண்பிள்ளை இல்லாத வீட்டுப் பத்திரம்னா, கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்னு நான் முதல்ல கேட்பேன். அவங்க விடுதலைப் பத்திரம் எழுதணும், இல்ல கிரயத்துலயே சேர்ந்து கையெழுத்துப் போடணும்.

ரியாஸ் (10:40): கேரளாவுல ஷுக்கூர் வக்கீல் 2023 மார்ச் 8ல மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்துல மறுபடி கல்யாணம் பண்ணினது இதுக்குத்தானா?

நூர் ராத்தா (10:46): ஆமா. மூணும் பெண்பிள்ளைங்க. அந்தச் சட்டத்துல பதிவு பண்ணினா 21ஆம் பிரிவுப்படி சொத்து 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போயிடும். மனைவிக்கு மூணுல ஒண்ணு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமா. கூடப்பிறந்தவங்களுக்கு ஒண்ணும் இல்லை. சட்டப்படி சரியான வழிதான்.

ஹஜ்ரத் (10:50): சட்டம் அனுமதிக்குதுங்கிறது வேற. அல்லாஹ் வச்ச பங்கைத் தடுக்குற நோக்கத்தோட செய்யுறதை நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஹயாத்தா (உயிரோட) இருக்கும்போதே மகள்களுக்குக் கொடுக்க ஹிபான்னு வழி இருக்கே. பிள்ளைகளுக்குள்ள ஒருத்தருக்கு மட்டும் கொடுக்காம இருந்தாப் போதும்.

ரியாஸ் (10:52): மகள்கிட்ட முன்னாடியே “எனக்குப் பங்கு வேண்டாம்”னு எழுதி வாங்கிடுறாங்களே ஹஜ்ரத்?

நூர் ராத்தா (10:59): வாப்பா இருக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பங்கே கிடையாது. பிறந்ததுமே உரிமைங்கிறது இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு. இல்லாத பங்கை எப்படி விட்டுக்கொடுக்கிறது? அந்தக் காகிதம் செல்லாது. ஆனா அதுக்காகப் பணம் வாங்கியிருந்தா, பின்னாடி வந்து பங்கு கேட்க முடியாதுன்னு 1972ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால வெறுமனே கையெழுத்துப் போட்டவளும் காசு வாங்கினவளும் ஒண்ணு இல்லை.

ஜமால் காக்கா (11:04): மாமி, அந்த வரியை அடிச்சுட்டு இப்படி எழுதச் சொல்லுங்க: “மேற்படி வீட்டை இன்றே தானமாகக் கொடுத்து, மகள் ஏற்றுக்கொண்டு, சுவாதீனமும் மூலப்பத்திரமும் இன்றே ஒப்படைக்கப்பட்டன.” கூட்டுக் குடும்பச் சொத்து, பூர்வீகப் பங்குன்னு எங்கேயாவது இருந்தா அதையும் எடுத்துடுங்க. வேற மாதிரியில இருந்து காப்பி அடிச்சது அது.

மைமூன் மாமி (11:06): சரி. எழுதினதும் போட்டோ போடுறேன். முத்திரைத்தாள்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.

ஜமால் காக்கா (11:07): போடுங்க. வீட்டு வரி ரசீதையும் சேர்த்துப் போடுங்க, பேர்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பார்க்கணும்.